சிறுநீர்ப்பைக் கட்டிக்குத் தொப்புளை ஏன் எடுக்க வேண்டும்? யூரக்கஸ் புற்றும் ஸ்கேன் படங்களும்

கேள்வி: 3 மார்ச் 2023

என் சித்தப்பாவுக்கு வயது 52. சில வாரங்களாகச் சிறுநீரில் விட்டுவிட்டு ரத்தம் வந்தது. முதலில் எடுத்த அல்ட்ராசவுண்டில் கல்லும் இல்லை, கட்டியும் இல்லை என்றார்கள். ரத்தம் நிற்காததால் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். சிறுநீர்ப்பையின் உச்சியில் ஒரு கட்டி இருப்பதாகவும், அது யூரக்கஸிலிருந்து வந்ததாக இருக்கலாம் என்றும் அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். சிறுநீர் வரும் வழியாக மெல்லிய கருவியை விடும் சிஸ்டோஸ்கோபியில் உள்ளே பார்த்தபோது உச்சியில் சிறிய புடைப்பும் சிவப்பும் மட்டுமே தெரிந்தனவாம். இப்போது அறுவை மருத்துவர் சிறுநீர்ப்பையின் மேற்பகுதியோடு தொப்புளையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்கிறார். உள்ளே இருப்பது சிறு புடைப்பு என்றால் தொப்புளை ஏன் எடுக்க வேண்டும்? தேவையில்லாத பெரிய அறுவை என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைக்கிறோம். பயாப்சி மட்டும் செய்து பார்த்தால் போதாதா?

3 மார்ச் 2023, இரவு

நான் ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் மருத்துவன். உங்கள் சித்தப்பாவின் படங்களை நான் பார்க்கவில்லை. ஆகவே அவருக்கு இன்ன நோய் என்று இங்கே சொல்லப் போவதில்லை. ஆனால் நீங்கள் விவரித்திருக்கும் வரிசை, அதாவது அல்ட்ராசவுண்டில் ஒன்றும் இல்லை, சி.டி.யில் உச்சியில் கட்டி, உள்ளிருந்து பார்த்தால் சிறு புடைப்பு என்ற வரிசை, இந்த நோய்க்கே உரியது. அதனால் அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தாயின் வயிற்றில் கரு வளரும்போது சிறுநீர்ப்பையின் உச்சியிலிருந்து தொப்புள் வரை ஒரு குழாய் ஓடுகிறது. அதன் பெயர்தான் யூரக்கஸ். பிறப்பதற்கு முன்பே அது சுருங்கி ஒரு நாராக மாறிவிடுகிறது. வயிற்றின் முன்சுவருக்கும் குடலைச் சுற்றியுள்ள பெரிட்டோனியம் என்ற சவ்வுக்கும் நடுவில், உடலின் நடுக்கோட்டில், அந்த நார் வாழ்நாள் முழுவதும் இருக்கும். பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அந்த நாருக்குள் நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் அளவுக்குச் சிறிய துளையும், அதன் உட்சுவரில் உயிருள்ள செல்களும் மிச்சம் இருக்கின்றன. அவர்களில் மிக மிக அரிதாகச் சிலருக்கே அந்தச் செல்களிலிருந்து புற்று வளர்கிறது. சிறுநீர்ப்பைப் புற்றுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும் இது 1 விழுக்காட்டுக்கும் குறைவு.

கட்டி பிறந்தது சிறுநீர்ப்பைக்குள் அன்று, அந்த நாரில். நாரின் மறுமுனை தொப்புளில் முடிகிறது. நார் முழுவதையும் இரு முனைகளோடு ஒரே துண்டாக எடுக்கவே தொப்புளையும் எடுக்கிறார்கள். இந்தப் புற்று நாரின் வழியாகவே மேல்நோக்கிப் பரவக்கூடும். பாதியில் வெட்டினால் மீதி உள்ளேயே தங்கிவிடும் என்பதுதான் அவர்களுடைய அச்சம்.

4 மார்ச் 2023

சிஸ்டோஸ்கோபியில் ஏன் சிறிதாகத் தெரிந்தது என்பதை நேற்று விளக்காமல் விட்டுவிட்டேன். வீட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு ஓட்டின் மேல் என்ன கிடக்கிறது என்பது தெரியாது. பாரம் தாங்காமல் ஓர் ஓடு இறங்கியிருந்தால் அதுதான் கண்ணில் படும். சிறுநீர்ப்பையின் வழக்கமான புற்று, யூரோதீலியல் வகை, உட்சுவரில் தொடங்கி உட்பக்கம் வளர்வதால் சிஸ்டோஸ்கோபியில் முழுதாகத் தெரிகிறது. யூரக்கஸ் புற்றோ வெளியே தொடங்கித் தசையைத் துளைத்துக்கொண்டு கடைசியில் உட்சுவரை எட்டுகிறது. சிறுநீரில் ரத்தம் வருவதே பெரும்பாலும் அது உட்சுவரை எட்டிய பிறகுதான். எனவே உள்ளே தெரியும் சிறு புடைப்பைக் கொண்டு கட்டியின் அளவை மதிப்பிடக் கூடாது. சி.டி. அறிக்கையில் கட்டியின் நீள, அகல, உயரம் மூன்றும் மில்லிமீட்டரில் குறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்களை வீட்டில் உள்ளவர்களுக்குக் காட்டுங்கள்.

4 மார்ச் 2023, மாலை

“அப்படியானால் அல்ட்ராசவுண்ட் எடுத்தவர் கவனக்குறைவாக இருந்தாரா?” என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். தனி ஒருவரைக் குறை சொல்வதற்கு முன்பு கருவியின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். அடிவயிற்றில் கருவியை வைக்கும்போது தோலுக்கு மிக அருகிலுள்ள பகுதிதான் படத்தில் மிகவும் மங்கலாக விழுகிறது. ஒலி தோலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் இடையில் மீண்டும் மீண்டும் எதிரொலித்து, சிறுநீர்ப்பையின் முன்சுவரின் மேல் ஒரு சாம்பல்நிறப் புகையைப் பரப்பிவிடுகிறது. யூரக்கஸ் இருப்பது சரியாக அந்த இடத்தில்தான். பின்சுவரில் இருக்கும் சிறிய கட்டி பளிச்சென்று தெரியும் படத்தில் முன்பக்க உச்சியில் இருக்கும் பெரிய கட்டி நழுவிவிடுவதற்கு இதுவே காரணம். அதனோடு சிறுநீர்ப்பை சரியாக நிறையாமல் இருந்தால் உச்சி சுருங்கி மடிந்து குடலோடு கலந்துவிடும்.

இதைக் கடக்க வழி இருக்கிறது. தைராய்டு போன்ற மேலோட்டமான உறுப்புகளைப் பார்க்க உதவும் உயர் அதிர்வெண் கொண்ட தட்டையான கருவியை எடுத்து, சிறுநீர்ப்பையின் உச்சியிலிருந்து தொப்புள் வரை நடுக்கோட்டில் ஒருமுறை நகர்த்தினால் போதும். ஒரு நிமிடம்கூட ஆகாது. சிறுநீரில் ரத்தம் என்று வரும் யாருக்கும் நான் இதைச் செய்யாமல் அனுப்புவதில்லை. பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களுக்கும் இதைத்தான் முதலில் கற்றுக்கொடுக்கிறேன். இது அவசியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வேலை நெருக்கடியில் இந்த ஒரு நிமிடம்தான் முதலில் வெட்டுப்படுகிறது என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

6 மார்ச் 2023

சி.டி.யில் எதைப் பார்த்து யூரக்கஸ் என்று சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் இந்த நோயைக் கண்டறிவதில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது.

முதலாவதும் முதன்மையானதும் இடம். கட்டி நடுக்கோட்டிலோ அதற்குச் சற்று ஒதுங்கியோ, சிறுநீர்ப்பையின் உச்சியில் முன்பக்கமாக, வயிற்றின் முன்சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். அதன் பெரும்பகுதி சிறுநீர்ப்பைக்கு வெளியே இருக்கும். இந்தப் புற்றுகளில் பத்தில் ஒன்பது சிறுநீர்ப்பையை ஒட்டிய முனையில்தான் தொடங்குகின்றன. மற்றவை நாரின் நடுவிலோ தொப்புள் பக்கத்திலோ வரும். குறுக்கு வெட்டுப் படங்களை மட்டும் பார்த்தால் இது சிறுநீர்ப்பைக்கு மேல் தனியே மிதக்கும் ஏதோ ஓர் உருண்டையாகத் தோன்றி, குடல் என்றோ, பெண்களில் கருப்பைக் கட்டி என்றோ எண்ண வைக்கும். உடலைப் பக்கத்திலிருந்து, அதாவது நெற்றியிலிருந்து கால்வரை நடுவே பிளந்து பார்ப்பது போன்ற சாஜிட்டல் வெட்டைத் திறந்தவுடன், உச்சியிலிருந்து தொப்புளை நோக்கி ஏறும் நாரும் அதன் அடியில் வீங்கி நிற்கும் கட்டியும் ஒரே படத்தில் தெரிந்துவிடுகின்றன. சிறுநீர்ப்பை நோயாளி என்றால் நான் முதலில் திறப்பது அந்த வெட்டைத்தான்.

இரண்டாவது, கட்டியின் உள்ளடக்கம். யூரக்கஸ் புற்றுகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு அடினோகார்சினோமா என்ற சுரப்பி வகையைச் சேர்ந்தவை. அவற்றில் பெரும்பாலானவை சளியைச் சுரக்கின்றன. சி.டி.யில் அடர்த்தியை அளக்கும் அலகில் தண்ணீர் 0. சளி நிறைந்த பகுதி தசையைவிடத் தாழ்ந்து, தண்ணீருக்குச் சற்று மேலே நிற்கும். எனவே கட்டியின் நடுவே கருமை கூடிய பகுதிகளும், படம் தெளிவாகத் தெரிய நரம்பில் மருந்து ஏற்றிய பிறகு ஒளிரும் கெட்டியான பகுதிகளும் கலந்து தெரியும். சில நோயாளிகள் சிறுநீரில் வழவழப்பாக ஏதோ போகிறது என்று சொல்வதுண்டு. அது இந்தச் சளிதான். இது எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் வந்தால் அதைப் போல நேராக வழிகாட்டும் அறிகுறி வேறு இல்லை. உங்கள் சித்தப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். பலர் கூச்சப்பட்டுச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது, சுண்ணாம்புப் படிவு. கட்டியின் ஓரத்தில் பொடிப்பொடியாகவோ வளைந்த கோடாகவோ கால்சியம் படிந்திருப்பது இந்த வகையில் பாதி முதல் 70 விழுக்காடு பேரிடம் தெரிகிறது. வழக்கமான யூரோதீலியல் புற்றில் அது சுமார் 5 விழுக்காடுதான். ஆகவே நடுக்கோட்டில், உச்சியில், சளியும் சுண்ணாம்பும் சேர்ந்த கட்டி என்றால், நுண்ணோக்கி முடிவு வருவதற்கு முன்பே யூரக்கஸ் புற்று என்று அறிக்கையில் எழுதத் தயங்க வேண்டியதில்லை.

ஒரு செய்முறைக் குறிப்பு. மருந்து ஏற்றுவதற்கு முன் ஒருமுறை படம் எடுத்தால்தான் நுண்ணிய சுண்ணாம்புப் பொடி தெளிவாகத் தெரியும். மருந்து சிறுநீர்ப்பையில் வந்து நிறைந்துவிட்டால் அந்த வெண்மையில் இந்த வெண்மை மறைந்துபோகும்.

7 மார்ச் 2023

மேலே சுண்ணாம்பைப் பற்றி எழுதியதை மட்டும் எடுத்துக்கொண்டு, “என் அறிக்கையிலும் சுண்ணாம்பு என்று இருக்கிறது, எனக்கும் இதுதானா?” என்று ஒருவர் பதறி எழுதியிருக்கிறார். அவருக்காக எல்லையைத் தெளிவாகச் சொல்கிறேன். சுண்ணாம்பு மட்டும் தனித்து நின்றால் அதற்கு இந்தப் பொருள் இல்லை. ஸ்கிஸ்டோசோமியாசிஸ் என்ற ஒட்டுண்ணி நோயில் சிறுநீர்ப்பைச் சுவர் முழுவதும் வளையமாகச் சுண்ணாம்பு படியும். அந்த நோய் ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும்தான் பரவலாக உண்டு. காசநோயிலும் சுவர் சுருங்கிச் சுண்ணாம்பு படியலாம். சிறுநீர்ப்பைக் கல்லும் வெண்மையாகவே தெரியும், ஆனால் நோயாளி புரண்டு படுத்தால் அது இடம் மாறும். உங்கள் அறிக்கையில் இடம் எது என்று பாருங்கள். பக்கவாட்டுச் சுவரில், கட்டி எதுவும் இல்லாமல், சுண்ணாம்பு என்று மட்டும் எழுதியிருந்தால் இந்த இழையைப் படித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

9 மார்ச் 2023

பயாப்சி பற்றிய கேள்வி இன்னும் பாக்கியிருக்கிறது. அதற்குப் பதில் எழுத எனக்குச் சிறிது அவகாசம் தேவைப்பட்டது, ஏனெனில் “பயாப்சிதான் இறுதித் தீர்ப்பு” என்று எல்லா நோய்களுக்கும் நாங்களே சொல்லிச்சொல்லிப் பழக்கியிருக்கிறோம்.

சிஸ்டோஸ்கோபி வழியாகப் புடைப்பிலிருந்து சதையை எடுத்துப் பார்த்தால் அடினோகார்சினோமா என்று வரலாம். ஆனால் அந்தச் சுரப்பிகள் யூரக்கஸைச் சேர்ந்தவையா, சிறுநீர்ப்பையின் உட்சுவரிலேயே பிறந்தவையா, பெருங்குடலிலிருந்து வந்து ஒட்டியவையா என்பதை நுண்ணோக்கியால் மட்டும் சொல்ல முடியாது. யூரக்கஸ் புற்றின் செல்கள் பெருங்குடல் புற்றின் செல்களைப் பெரிதும் ஒத்திருக்கின்றன. சி.கே. 20, சி.டி.எக்ஸ். 2 என்ற சாயச் சோதனைகள் இரண்டு புற்றிலும் பாசிட்டிவாகவே வரும். பீட்டா-கேட்டனின் என்ற புரதம் செல்லின் கருவுக்குள் சேர்ந்திருந்தால் பெருங்குடல் பக்கம் சாயலாம். அதுவும் முழு உறுதியைத் தராது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு வகைப்பாடு யூரக்கஸ் புற்று என்று அழைப்பதற்குக் கட்டி உச்சியிலோ முன்சுவரிலோ இருக்க வேண்டும், அதன் மையம் சுவருக்குள் இருக்க வேண்டும், வேறெங்கும் மூலக்கட்டி இருக்கக் கூடாது என்றெல்லாம் கேட்கிறது. கவனித்துப் பாருங்கள், இவை பெரும்பாலும் இடத்தைப் பற்றிய நிபந்தனைகள். இடத்தைச் சொல்வது ஸ்கேன். எங்கள் படமும் நோய்க்கூறு மருத்துவர் நுண்ணோக்கியில் பார்க்கும் கண்ணாடிச் சில்லும் ஒரே மேசையில் வைக்கப்படாவிட்டால் இந்த நோயில் சரியான விடை கிடைக்காது.

ஆகவே உங்கள் சித்தப்பாவுக்குப் பெருங்குடலின் உள்ளே பார்க்கும் கொலோனோஸ்கோபியும் செய்யச் சொன்னால் அது வீண் செலவு என்று எண்ண வேண்டாம். குடலில் ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகுதான் தொப்புள்வரை எடுக்கும் அறுவைக்கு முழு நியாயம் கிடைக்கிறது.

வயிற்றுக்கு வெளியிலிருந்து ஊசியால் குத்திச் சதை எடுக்கலாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். சளி நிறைந்த கட்டியைக் குத்தினால் அந்த ஊசி வழியில் செல்கள் சிந்தக்கூடும். படம் தெளிவாக இருந்து, அறுவையும் சாத்தியம் என்றால் பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் அதைத் தவிர்க்கவே விரும்புவார்கள். இதில் அவர்கள் பக்கம்தான் நான்.

9 மார்ச் 2023, பின்னிரவு

மேலே எழுதியதை மீண்டும் படித்தபோது ஒரு விஷயம் விடுபட்டது தெரிந்தது. கட்டி என்று படத்தில் தெரிவதெல்லாம் புற்று ஆகாது. யூரக்கஸின் மிச்சத்தில் நீர்க்கட்டி உருவாகி அதில் சீழ் பிடிப்பதும் உண்டு. அப்போதும் நடுக்கோட்டில் தடித்த சுவருள்ள உருண்டையும் சுற்றிலும் கலங்கிய கொழுப்பும் தெரியும். காய்ச்சல், அடிவயிற்று வலி, தொப்புளில் சீழ் ஆகியவை அதன் பக்கம் சாய்க்கும்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் நான் பார்த்திருக்கிறேன். தொப்புளில் கசிவோடு வந்த ஓர் அம்மாவுக்குப் பல மாதங்கள் சீழுக்கான மருந்தே மாற்றி மாற்றிக் கொடுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் கசிவு சற்றுக் குறைந்து மீண்டும் வந்திருக்கிறது. எங்களிடம் வந்தபோது கையில் இருந்த பழைய சி.டி.யைப் பார்த்தேன். சிறுநீர்ப்பையில் குழாய் போட்டு முழுதாக வடிந்திருந்த நிலையில் எடுத்த படம் அது. உச்சி எங்கே முடிகிறது, கட்டி எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. குழாயை அடைத்துச் சிறுநீர்ப்பை நிறைந்த பிறகு மீண்டும் எடுத்தோம். ஓரத்தில் பொடிச் சுண்ணாம்போடு கெட்டியான பகுதி தெளிவாகத் தெரிந்தது. அவருக்கு நோய் உறுதியாகத் தாமதமானதை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை. பெரியவர்களில் யூரக்கஸில் சீழ் என்று முடிவு கட்டினால், மருந்து முடிந்த பிறகு கட்டாயம் மறுபடம் எடுத்து, கெட்டியான பகுதி மிச்சமில்லை என்று பார்த்தே விட வேண்டும்.

12 மார்ச் 2023

எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில்: சி.டி. தெளிவாக இருந்தால் எல்லோருக்கும் கட்டாயமில்லை, ஆனால் அறுவைக்கு முன் எல்லையை அறியப் பெரிதும் உதவும். டி2 என்ற வகைப் படத்தில் சளி மிகப் பளிச்சென்று தெரியும். கட்டி சிறுநீர்ப்பைத் தசையில் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது, வயிற்றுச் சுவரைத் தொட்டிருக்கிறதா, பெரிட்டோனியத்தைத் துளைத்திருக்கிறதா என்பவற்றையும் அது சி.டி.யைவிட நன்றாகக் காட்டும். சுண்ணாம்பைக் காட்டுவதில் மட்டும் அது பலவீனமானது. எனவே இது சி.டி.க்கு மாற்றாக இராது, துணையாகவே இருக்கும்.

பெட் ஸ்கேன் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. அதில் பயன்படும் எஃப்.டி.ஜி. என்ற சர்க்கரை சிறுநீரில் வெளியேறிச் சிறுநீர்ப்பையிலேயே தேங்கி ஒளிர்வதால் பக்கத்தில் உள்ள கட்டி மறைந்துபோகும். சளி மிகுந்த கட்டியில் செல்கள் குறைவாக இருப்பதால் அது சர்க்கரையை அதிகம் உறிஞ்சாமல் இருந்துவிடவும் கூடும். “பெட் ஸ்கேனில் ஒன்றும் ஒளிரவில்லை, ஆகவே புற்று இல்லை” என்ற முடிவை இந்த நோயில் ஒருபோதும் ஏற்காதீர்கள். நுரையீரல், கல்லீரல், எலும்பு, நிணநீர் முடிச்சுகள், பெரிட்டோனியம் ஆகியவைதான் இது பரவும் இடங்கள். மார்பையும் வயிற்றையும் சேர்த்து எடுக்கும் சி.டி.யே இதற்கு அடிப்படைச் சோதனை.

சிறுநீர்ப்பைப் புற்று தசைக்குள் இறங்கியிருக்குமா என்று எம்.ஆர்.ஐ. படத்தை வைத்து மதிப்பிடும் வி.ஐ.-ராட்ஸ் எண் ஏன் தரவில்லை என்று கேட்டவருக்கு: 2018இல் வந்த அந்த அளவுகோல் உட்சுவரில் தொடங்கித் தசையை நோக்கிச் செல்லும் கட்டிக்காக வகுக்கப்பட்டது. வெளியிலிருந்து உள்ளே வரும் கட்டிக்கு அது பொருந்தாது.

15 மார்ச் 2023

இந்த நோயை முதலில் பிரித்தறிந்தவர் யார் என்று ஒரு மாணவர் கேட்டிருக்கிறார். 19ஆம் நூற்றாண்டிலேயே ஒற்றை ஒற்றையாக விவரிப்புகள் உண்டு. ஆனால் சிறுநீர்ப்பையின் உச்சியில் வரும் சளிப்புற்றுகள் யூரக்கஸ் குழாயின் உட்சுவரிலிருந்து பிறக்கின்றன என்பதை 1931இல் முறையாக வாதிட்டவர் நியூசிலாந்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ராபர்ட் கேம்பெல் பெக். அதற்கு முந்தைய ஆண்டு யூரக்கஸின் அமைப்பையும் வளர்ச்சியையும் பற்றித் தனிக் கட்டுரை எழுதியிருந்தார். உயிருள்ள மனிதரின் வயிற்றைத் திறக்காமல் அந்த நாரைப் பார்க்க அவருக்கு எந்த வழியும் இல்லை. ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. கருவி லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்தது 1971 அக்டோபரில்தான். அத்தனை ஆண்டுகளுக்கு முன்பே கருவியலை மட்டும் பிடித்துக்கொண்டு பெக் சரியான இடத்தைச் சுட்டியது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. இந்த நோய்க்கு ஷெல்டனும் உடன் பணியாற்றியவர்களும் வகுத்த நிலைப் பகுப்பு, அதாவது புற்று எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைக் குறிக்கும் பகுப்பு, 1984இல் வந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையின் எளிய பகுப்பு 2006இல் வந்தது. உங்கள் அறிக்கைகளில் இவ்விரண்டில் ஒன்று இருக்கும்.

2 ஏப்ரல் 2023

அறுவை முடிந்தது என்றும், கட்டியும் நாரும் தொப்புளும் ஒரே துண்டாக எடுக்கப்பட்டன என்றும், கொலோனோஸ்கோபியில் ஒன்றும் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். படித்து மிகவும் நிம்மதியடைந்தேன். வெட்டிய விளிம்புகளில் புற்று இல்லை என்று நோய்க்கூறு அறிக்கையில் வந்திருப்பது மிக முக்கியமான செய்தி. இந்த நோயின் போக்கைத் தீர்மானிப்பவற்றில் அதுவும் நிணநீர் முடிச்சுகளின் நிலையும் முன்வரிசையில் உள்ளவை.

இனி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சி.டி. என்பதை உங்கள் புற்றுநோய் மருத்துவர் முடிவு செய்வார். நான் சொல்லக் கூடியது இரண்டுதான். ஒவ்வொரு முறையும் சிறுநீர்ப்பை நிறைந்த நிலையில், மார்பு முதல் இடுப்பெலும்பு வரை, முடிந்தவரை ஒரே மையத்தில் எடுங்கள். முன்பு எடுத்த படங்களின் குறுந்தகட்டை அறிக்கையோடு சேர்த்துக் கொண்டுபோங்கள். அறுவைக்குப் பின் வயிற்றுச் சுவரில் தழும்பு தடித்துத் தெரியும். அது பழைய தழும்பா, புதிதாக வளர்வதா என்பதைப் பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும். சி.ஈ.ஏ. என்ற ரத்தச் சோதனை அறுவைக்கு முன் கூடியிருந்ததாக நீங்கள் குறிப்பிட்டதால், அதையும் ஒவ்வொரு முறை படத்தோடு சேர்த்துப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். படத்தில் தெரிவதற்கு முன்பே அந்த எண் ஏறத் தொடங்குவதும் உண்டு.

2 ஏப்ரல் 2023, மாலை

தொப்புள் இல்லாத வயிற்றைப் பார்த்துச் சித்தி அழுதார்கள் என்று எழுதியிருந்ததைப் படிக்காமல் கடந்துவிட்டேன். காயம் நன்றாக ஆறிய பிறகு தோலை மடித்துத் தைத்துத் தொப்புள் போன்ற குழிவை ஒட்டறுவை மருத்துவர்களால் உருவாக்க முடியும். அவசரம் எதுவும் இல்லை. சித்தப்பா விரும்பினால், முதல் மறுபரிசோதனைப் படங்கள் தெளிவாக வந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்.